சின்னவன் வண்டி

ஐந்தாவது தடவையாகக் கதிர்வேல் அப்பாவின் வாயில் பால் ஊற்றினான். இந்தத் தடவையும் பாதி கடைவாய் வழியாக வழிந்து தலையணையை நனைத்தது. லோகநாயகி மாமனாரின் கழுத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

"நீ ஊத்தி பிரயோஜனமில்ல கதிரு" என்றாள் ரத்தினம்மாள் அத்தை. "சின்னவன் வரணும். அவனுக்காவத்தான் எங்கண்ணன் உசுரப் புடிச்சிக்கிட்டுக் கெடக்குறாரு."

கடலூர் செம்மண்டலத்தில் அந்தத் தெருவே காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கதிர்வேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளியவன் அவன். அவன் ஊற்றிய பாலுக்கு மட்டும் உயிர் பிரியாதாம். இதைப் பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போயிருப்பான். ஆனால் அது பொறாமைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

செல்போன் அடித்தது. சித்தார்த்.

"அண்ணா, சிதம்பரத்துல மாட்டிக்கிட்டேன். இன்னிக்குத் தேரு. பஸ்ஸ ஊருக்குள்ளயே வுடல, வெளியவே எறக்கி வுட்டுட்டான். கூட்டத்துல நடந்துக்கிட்டிருக்கேன். அப்பா இருக்காருல்ல?"

"இருக்காரு. நீ வர்ற வரைக்கும் இருப்பாரு" என்று சொல்லிக் கதிர்வேல் போனை வைத்தான்.

தம்பி கோயம்புத்தூரில் யாருடைய பந்தயக் காருக்கோ லேப்டாப்பை மாட்டிக்கொண்டிருந்தவன். அவனுடைய கார் கதிர்வேலின் பட்டறையில் நின்றது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். போன வருஷம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் அதற்கு உயிர் கொடுத்தார்கள். இன்ஜினுக்குக் காற்று தாராளமாகப் போக அகலமான குழாய் அடித்தவன் கதிர்வேல். புகை தடையில்லாமல் வெளியேற ஸ்டீல் பைப்பை வளைத்து, பற்றவைத்து, பதினோரு நாள் கண்ணெரிச்சலோடு சைலன்சர் செய்தவனும் அவன்தான். அதற்கெல்லாம் ஏற்றபடி பெட்ரோலையும் தீப்பொறியையும் அளந்து கொடுக்கும்படி இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதியது சித்தார்த். பெயரும் அவனுக்குத்தான் கிடைத்தது. ஒரு கார் பத்திரிகையில் முழுப்பக்கப் படம் வந்தது, அதில் கதிர்வேலின் முழங்கை மட்டும் ஓரமாக விழுந்திருந்தது.

அது போகட்டும். அப்பாவின் பேச்சுதான் அவன் மனசை அரித்தது. அப்பா பழனிவேல் கடலூர்-சிதம்பரம் தடத்தில் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். சர்க்கரை இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்ட பிறகு காதாலேயே உலகத்தைப் பார்த்தார். அந்தக் கார் தெருமுனைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிடும். "சித்து வந்துட்டான். என்னா சத்தம் பாரு! அவன் மூளையே மூளைடா" என்பார். கம்ப்யூட்டர் என்றைக்கு அய்யா சத்தம் போட்டது? அந்தச் சத்தம் முழுக்கக் கதிர்வேலுடையது. அதைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து, ஒவ்வொரு தடவையும் சொல்லாமலே மூடிக்கொண்டான். கேட்டு வாங்குகிற பாராட்டு யாருக்கு வேண்டும்!

அப்பாவின் நெஞ்சு மறுபடி ஏறி, நின்று, இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அவன் வண்டி சத்தம் காதுல வுழுந்தாக்கூடப் போதும், நிம்மதியாப் போயிடுவாரு" என்று மூக்கைச் சிந்தினாள் அத்தை.

"சத்தம்தான வேணும்?" என்று எழுந்தான் கதிர்வேல்.

"ஏங்க, இந்த நேரத்துல எங்க போறீங்க?" என்றாள் லோகநாயகி.

பட்டறைக்குப் பத்து நிமிஷ நடை. ஐந்து நிமிஷத்தில் போனான். சாவியைத் திருப்பியதும் தகரக் கூரை அதிர்ந்தது. அவன் கையால் செய்த சத்தம், தம்பி பெயரில் அப்பாவின் காதுக்குப் போகப்போகிறது. அதை நினைத்து வயிறு எரிந்தது. எரியட்டும், கிழவர் படுகிற பாடாவது தீரட்டும் என்று வண்டியை எடுத்தான். தெருமுனைத் தண்ணீர்த்தொட்டித் திருப்பத்தில் கியரைக் குறைத்துத் திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை அழுத்தி உறும விட்டான்.

அத்தை வாசலுக்கு ஓடிவந்தாள். "சின்னவனே, வந்துட்டியாடா!" என்றவள், இறங்கியவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து லோகநாயகியின் அழுகை கேட்டது.

அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று அத்தை வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "சின்னவன் வண்டி சத்தத்தக் கேட்டாரு, உசுரு போயிடுச்சி."

அப்பாவின் தாடையைக் கட்டக் கதிர்வேல் துணி கிழிக்கும்போது லோகநாயகி அவன் பக்கமாகக் குனிந்தாள்.

"ஏங்க, மாமா கடைசியா பேசுனாருங்க."

"சித்து வந்துட்டான்னாரா?"

"இல்லிங்க. கண்ண முழிச்சி, பெரியவன் வர்றான்னாரு. சின்னவன் மூணுலயே திருப்பிடுவான், பெரியவன்தான் ரெண்டுக்கு வந்து, வண்டிக்கு நோவாம திருப்புவான்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஜன்னியில உளர்றாருன்னு நெனச்சேன். அதென்னங்க ரெண்டு, மூணு?"

கதிர்வேல் துணி கிழிப்பதை நிறுத்தினான். மனைவிக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. கியர் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியுமோ என்னவோ. அவனைத் தேற்ற இப்படியொரு பொய்யை அவளால் கட்டவே முடியாது.

அவன் பக்கத்திலேயே இருந்திருந்தால் அப்பா அதைச் சொல்லியிருக்க மாட்டார். அப்பா சொன்னபோது அவன் பக்கத்தில் இல்லை. கதிர்வேலுக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது. துணியை அவளிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதான்.

மூன்று மணிக்குச் சித்தார்த் வந்தான். அதற்குள் தெருமுனையிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"என் வண்டி சத்தத்தக் கேட்டுட்டுத்தான் போனாராமே அண்ணா? கடைசியா எதனாச்சும் சொன்னாரா?"

லோகநாயகி வாயைத் திறந்தாள். கதிர்வேல் முந்திக்கொண்டான்.

"ஒண்ணும் சொல்லல. நீ வந்துட்டேன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரு."

பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவின் அந்தக் கடைசி வாக்கியத்தில் தம்பிக்குப் பங்கு கொடுக்க அவனுக்கு மனமில்லை, அவ்வளவுதான். லோகநாயகி புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொழுந்தனுக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள். அவன் தம்பியின் முதுகைத் தடவிக் கொடுத்து, மூஞ்சி கழுவ அனுப்பிவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான்.

சித்தார்த் ஈர முகத்தோடு உள்ளே வந்தபோது கூடத்தில் கால் வைக்க இடமில்லை.

"கதிரு, கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்றாள் அத்தை. "சின்னவன் அப்பா மூஞ்சிகிட்ட உக்காரட்டும்."

கதிர்வேலுக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. அவன் சம்மணத்தை இன்னும் கொஞ்சம் அகலமாகப் போட்டுக்கொண்டான்.