அவிந்த விமானி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், 1964 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, தாராவி டின் பட்டறைச் சந்தில், மானுட ஆகாயப் பயணத்தின் தலைவிதி நிர்ணயிக்கப்பட்டது. விமானியாகப் பணியாற்றியது ஒரு கோழிமுட்டை.

மாட்டுங்கா சுந்தரராமன் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவர். லீவு நாட்களில் விஞ்ஞானி. "விமானம் சட்டுனு வளைஞ்சா விமானி எடை ஏழெட்டு மடங்கு ஏறி அவனையே அமுக்கும் ஓய். தண்ணிக்குள்ள உட்கார வெச்சா, சுத்தி எல்லாப் பக்கமும் சமமாத் தாங்கிக்கும்!" சந்தே கொட்டாவி விட்டது.

டின் ஒட்டும் வெயிலுமுத்து மட்டும் விடவில்லை. சுந்தரராமன் சாட்சிக்கு அழைத்திருந்த மன்சூர் அலி, ஒரு விமானப் பட்டறையில் ஃபோர்மேன். அவர் மனசு வைத்து அங்கே வேலை கிடைத்தால், ஊரில் கிடக்கும் பெண்டாட்டி முருகம்மாளைக் கூட்டிவந்து, கோலி என்று பம்பாயில் சொல்கிற ஒற்றை அறை ஒன்று பிடித்துக் குடித்தனம் வைக்கலாம்.

டின் நிறைய உப்புத் தண்ணீர், நடுவில் முட்டை, மூடியைச் சுற்றி ஈயப்பற்று. கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் இருபது சுற்று சுற்றிச் சுவரில் அடித்தான் வெயிலுமுத்து. டின் நெளிந்தது. மூடியை வெட்டினால், முட்டையில் ஒரு கீறல் இல்லை.

"தில்லிக்குத் தந்தி அடிங்கோ!" என்றார் சுந்தரராமன்.

மன்சூர் அலி முட்டையை வாசற்படியில் தட்டி உரித்தார். வெள்ளைவெளேரென்று அவித்த முட்டை.

"என்னவே இது?"

வெயிலுமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. "பட்டறை வழக்கம், பாய். ஈயப் பத்து வச்ச டின்னைக் கொதிக்கிற தண்ணியில முக்குவோம். ஓட்டை இருந்தா குமிழி வரும். காலையில இதையும் கைப்பழக்கத்துல முக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"விமானிய அவிச்சுப்போட்டீரே!"

சந்து குலுங்கியது. "கொள்கை தப்பில்லை!" என்று கத்தினார் சுந்தரராமன்.

"இருக்கட்டும் சாமி. மனுசன் நெஞ்சுக்குள்ள காத்துல்லா இருக்கு? வெளிய தண்ணி தாங்கும், உள்ள யாரு தாங்குவா?" என்றார் மன்சூர் அலி.

வேலை போயிற்று என்று வெயிலுமுத்து டின்னைத் தூக்கி எறியப் போனான். மன்சூர் அலி பிடுங்கினார். பற்றை விரலால் தடவினார். சுவரைப் பார்த்தார். அடி விழுந்த இடம் காய்ந்து கிடந்தது.

"அந்த அடிக்கும் பத்து விடலையேவே. ஏக்தம் பக்கா! இப்படி ஒட்டுற ஆளைத்தான் தேடி அலையுதேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாரும்."

அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டான் வெயிலுமுத்து: 'விமானத்தில் வேலை. புறப்பட்டு வா.'

மறுநாள் அவனிடம் கொடுத்தது, கேண்டீன் டீ பாய்லரின் ஓட்டையை அடைக்கிற வேலை.