கடுகின் கை நீளம்

"மூணு மணிக்கு மீட்டிங். உங்க ஆராய்ச்சிக்கு மங்களம் பாடிடலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. எதைக் கொடுத்தாலும் வெட்டுவார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. குழந்தைகளின் கிட்டப்பார்வை மேலும் ஏறாமல் தடுக்க நான் வடிவமைத்த புதுக் கண்ணாடியை ஒரு பள்ளிக்குக் கொடுத்தேன். இன்னொரு பள்ளிக்குச் சாதாரணக் கண்ணாடி. ஓராண்டு கழித்து அளந்தால், இரண்டு பள்ளியிலும் பவர் ஏறவே இல்லை! அப்புறம் என் கண்ணாடி எதற்கு?

ஒரு மணிக்குச் செய்முறை வகுப்பு. என் ஆய்வு உதவியாளர் கடுகு, கண் பவர் அளப்பதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். ஆள் நாலே முக்கால் அடி, பேச்சு முழுக்கக் காரம். ரெடினாஸ்கோப் ஒளியை எதிரே இருப்பவர் கண்ணுக்குள் அடித்து, லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்து, கடைசியில் வரும் பவரில் ஒன்றரையைக் கழிக்க வேண்டும். நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கான கழிவு அது; தூரம் குறைந்தால் கழிவு கூடும்.

"அக்கா, விட்டா பேஷண்ட் மடியிலயே உக்காந்துடுவீங்க போல!" என்றான் கடைசி வரிசை நெட்டையன்.

"என் கை இவ்வளவுதான்டா எட்டும். எல்லாரும் உன்னை மாதிரி ஒட்டகச்சிவிங்கியாவா பொறக்க முடியும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அளவு நாடாவோடு ஓடிப்போய் இருவர் கண்ணுக்கும் இடையே பிடித்தேன். ஐம்பது சென்டிமீட்டர்!

"எவ்வளவு கழிக்கிற?"

"ஒன்றரை. எல்லாரும் அதுதானே மேடம்?"

"எல்லாரும் அறுபத்தேழுல உக்கார்றாங்கடி! ஐம்பதுன்னா ரெண்டு கழிக்கணும்!"

அவள் முகம் வெளுத்தது. போன ஆண்டு இரண்டு பள்ளியையும் அளந்தது நான். இந்த ஆண்டு புதுக் கண்ணாடிப் பள்ளியை நான் அளந்தேன், சாதாரணக் கண்ணாடிப் பள்ளியை அளந்தது அவள். அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் கிட்டப்பார்வை அரை பவர் குறைவாகப் பதிவாகியிருக்கிறது! ஓராண்டில் ஏறிய பவர் அதில் மறைந்திருக்கும்.

"எல்லாத்துலயும் அரையைச் சேர்த்துடலாமா மேடம்?"

"ஊகத்துல சேர்க்கக் கூடாது. திரும்ப அளக்கணும். நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். நமக்கு ஆசை இருக்கு, கை சாஞ்சுடும்."

"பின்னே யாரு?"

கத்தரியின் அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்து விஷயத்தைக் கொட்டினேன். "சார், நீங்களே வந்து அளங்க. இது தோக்கணும்னு நினைக்கிற ஒரே ஆள் நீங்கதான்."

"நக்கலா?"

"இல்ல சார், தகுதி."

முறைத்தார். பிறகு ரெடினாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அந்தச் சாதாரணக் கண்ணாடிப் பள்ளி பின் தெருவில்தான். பழைய தாளை அவருக்குக் காட்டாமல் மூலையில் நின்றோம். முதல் குழந்தை, மைனஸ் மூன்று. கடுகு எழுதியிருந்தது இரண்டரை. அடுத்ததிலும் அரை வித்தியாசம். மூன்றாவதில் வித்தியாசமே இல்லை. நான்காவது, அரை. ஐந்து, ஆறு, ஏழு... அரை, அரை, அரை!

மூன்று மணிக்கு அவர் போன் அடித்தது. "மீட்டிங்கா? நானில்லாம என்ன மீட்டிங்? நாளைக்கு வச்சுக்கலாம். அடுத்தது யாரும்மா? வா, வா!"

கடுகு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். திடீரென்று நின்றாள். "இவங்க பவர் ஏறிடுச்சுன்னு குதிக்கிறோமே மேடம், பாவமில்ல?"

"பாவம்தான்," என்றார் கத்தரி, கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாரையும் அளந்து முடிச்சதும் இவங்களுக்கும் அந்தப் புதுக் கண்ணாடியை மாட்டிவிடுங்க."