மாப்பிள்ளை வயிறும் மல்லாந்த வண்டும்

கல்முனைக்குடியில் பெண் எடுத்தவன் பெண் வீட்டிலேயே குடியேறுவான்; மாமி போடும் சோற்றை மறுக்கமாட்டான். முதலாவதை றிப்தி சந்தோசமாகச் செய்தான். இரண்டாவதுதான் வயிற்றில் நின்றது.

மருதமுனை நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். கலியாணம் முடிந்த நாளிலிருந்து காலையில் வட்டிலப்பம், பகலில் நெய்ச்சோறு, இரவில் பகலின் நினைவாக இன்னும் நெய்ச்சோறு. றஹீமா மாமியின் கைருசி அப்படி. உள்ளே போனதற்கு வெளியேற மனமே வரவில்லை. நாலைந்து நாளாயிற்று.

மனைவி சிபானாவிடம் சொன்னான்.

"உம்மாக்கிட்ட எப்படிச் சொல்ற? அவட சாப்பாட்டுலதான் குத்தம் எண்டு ஒரு மாசம் அழுவா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். அவர்கள் முன்னால் மாப்பிள்ளை சோற்றுப் பீங்கானைத் தள்ளினால் மாமிக்கு முகம் இருக்காது. தள்ளாவிட்டால் அவனுக்கு உயிர் இருக்காது.

அன்று வியாழன், மஃரிப் தொழுகைக்குப் பிறகு பாயில் இருந்து சாப்பிடும்போது லைட்டிலிருந்து ஒரு வண்டு விரிப்பில் மல்லாக்க விழுந்தது. காலை உதறிப் பார்த்தது. பிறகு 'டிக்' என்று மேலே துள்ளி, நிமிர்ந்து விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல நடந்தது. றிப்தி அதைப் பொறாமையோடு பார்த்தான்.

"இதுக்குப் பேர் என்ன மாப்புள?" என்றார் மாமனார் மீராசா. வலைக்கடைக்காரர். சலாம் சொல்வதற்கு மேலே அவர் மருமகனோடு கதைத்தது அதுதான் முதல்.

"எலேட்டர் எண்டு சொல்ற, மாமா. கிரேக்கச் சொல். விரட்டுறவன் எண்டு கருத்து. அதே வேரிலதான் எலட்டீரியம் எண்டு ஒரு பேதி மருந்துக்கும் பேர் வந்த. ஒருவகைக் காட்டு வெள்ளரிக்காய்ச் சாறு. வயித்துல இரிக்கிறதெல்லாத்தையும் விரட்டுமாம்."

கடைசி வசனத்தில் குரல் கொஞ்சம் உருகிவிட்டது.

"மறுகா?" என்று மேலும் கேட்டார் மாமனார்.

"இங்கிலீசுல எலேஷன் எண்டு ஒண்டு இரிக்கி. தலைகால் தெரியாத சந்தோசம். பார்க்க அதே குடும்பம் மாதிரித்தான். ஆனா அது லத்தீன்ல உயத்தித் தூக்குற எண்ட சொல்லுல வந்த. இரத்த உறவில்ல."

"வீட்டோட வந்த மாப்புள மாதிரி," என்றார் மீராசா. சிரிக்கவில்லை. மருமகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாரன் முடிச்சுக்கு மேலே உப்பியிருந்த வயிற்றைப் பார்த்தார். அவரும் இதே வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். றஹீமாவின் உம்மா போட்ட சோற்றைத் தின்றவர்.

"றஹீமா, கொஞ்சம் நிலாவரை இலை அவி. ரெண்டு பேரும் பேதி குடிக்கப் போறம்."

"என்னத்துக்கு? அதுவும் புது மாப்புள?"

"நாளைக்கு உன்ட விருந்து. வயித்துல இடம் வேணாமா? உன்ட வாப்பாவும் விருந்துக்கு முதல் நாள் என்னைப் பக்கத்துல வச்சித்தான் குடிச்ச."

"எனக்குத் தெரியாதே."

"உனக்குத் தெரியாமத்தான் குடிச்ச."

மாமி வெட்கத்தோடும் பெருமையோடும் அடுப்படிக்குப் போனா. கசப்பான இரண்டு கோப்பை வந்தது. மீராசா தன்னுடையதை முகம் சுளிக்காமல் குடித்தார். அவர் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அந்த வீட்டில் றிப்தி ஒருவனுக்குத்தான் விளங்கியது.

விடியச் சுபஹுத் தொழுகைக்கு முதலே மருந்து எழுப்பிவிட்டது. இருந்தது ஒரே கக்கூஸ். வாசலில் மீராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். றிப்தி வருவதைக் கண்டதும் விலகினார்.

"நீங்க போங்க மாப்புள. நான் தாங்குவன்."

வெளியே வந்தபோது றிப்தியின் கால் தரையில் பட்டதாகத் தெரியவில்லை. எலேஷன் என்ற அந்த மூன்றாவது சொல்லையும் குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அன்று ஜும்ஆவில், துஆவின்போது, தன் வாப்பாவுக்கு முதல் மாமாவின் வயிற்றுக்காகக் கேட்டான். பகல் விருந்தில் மருதமுனை ஆட்களின் முன்னால், "மாமி, இன்னும் ஒரு கரண்டி," என்று பீங்கானை நீட்டினான். மாமிக்குக் கண் கலங்கியது. எதிரே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மீராசா, தலை நிமிராமலே, இறைச்சிச் சட்டியை மருமகன் பக்கம் தள்ளிவைத்தார்.