ரேடியோ ஓய்ந்த காலை

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று கல்யாணமான புதிதில் அவன் மனைவியும் தேடிப் பார்த்தாள், பிறகு கைகழுவிவிட்டாள். அவனோடு ஜோடியாக வேலை பார்த்த மூத்த மெக்கானிக்குக்கு அழுத்தக்காரர் என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். இந்த இரண்டு பேரையும் ஒரே ஜோடியாகப் போட்டவர் யாரோ, குறும்புக்காரராகத்தான் இருந்திருப்பார்.

பழைய லிஃப்டுகளில் இவர்கள் வேலை இப்படி நடக்கும். ரேடியோ லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, மாடி மாடியாகக் கதவுப் பூட்டுகளைப் பார்ப்பான், பெட்டி ஓடும் தண்டவாளங்களுக்கு எண்ணெய் போடுவான். அழுத்தக்காரர் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறையில் நின்று, அவன் கேட்கிறபடி பெட்டியை ஏற்றி இறக்குவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நடுவில் இருப்பது வாக்கி டாக்கி மட்டும்தான். அதில் ரேடியோ மூச்சு விடாமல் பேசுவான். "ஒரு அடி மேல ஏத்துங்கண்ணே" என்பதற்கும் "நிறுத்துங்கண்ணே" என்பதற்கும் நடுவில் பக்கத்து வீட்டுச் சண்டை, பெண்ணின் பள்ளிக்கூடம், மச்சானின் அசட்டுத்தனம் எல்லாம் வந்து போகும். அழுத்தக்காரர் ஸ்பானரால் வாக்கி டாக்கியை ஒரு தட்டு தட்டுவார். கேட்டாயிற்று, சரி என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மனுஷன் நான் சொல்கிறதையெல்லாம் கேட்கிறாரா, இல்லை வேலைச் சொல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடுகிறாரா? ரேடியோவுக்கு ரொம்ப நாளாகவே இந்தச் சந்தேகம் உண்டு. கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை. எதையும் கேட்கிற வாய் அது ஒன்றை மட்டும் கேட்காமலே வைத்திருந்தது.

இந்த நிலையில்தான் கம்பெனியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பெண் கலகலப்பானவள். எல்லோரிடமும் சில கேள்விகள் கேட்டு, ஆளுக்கு ஒரு வண்ண அட்டை கொடுத்தாள். ரேடியோவுக்கு மஞ்சள், அழுத்தக்காரருக்கு நீலம்.

"மஞ்சள்காரங்க பேசிப் பேசித்தான் யோசிப்பாங்க. நீலக்காரங்க யோசிச்சு முடிச்சாத்தான் பேசுவாங்க. முடிக்கலன்னா பேசவே மாட்டாங்க" என்றாள். எல்லோரும் திரும்பி இவர்கள் இருவரையும் பார்த்தார்கள்.

அடுத்து, ஜோடி ஆளிடம் எது குறைந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். ரேடியோ எழுந்து, "கொறையறதுக்கு அவர்கிட்ட என்னங்க இருக்கு?" என்றான். நல்ல சிரிப்பு. பிறகு அழுத்தக்காரரின் முறை. அவர் எழுந்து நின்றார், சற்று யோசித்தார்.

"சத்தம்" என்றார். உட்கார்ந்துகொண்டார்.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற அளவுக்குச் சிரித்தார்கள். ரேடியோவும் சேர்ந்து சிரித்தான். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்துவிட்டது. இத்தனை வருஷமும் தான் பேசியது அவருக்கு வெறும் சத்தமா?

அன்று மாலையே மேனேஜர் அவனைக் கூப்பிட்டார். நிதானமான பெண்மணி, யாரையும் கடிந்து பேசி யாரும் பார்த்ததில்லை. "உங்களை வாடிக்கையாளர்கிட்ட பேசற பிரிவுக்கு மாத்தலாமான்னு பார்க்கறேன். உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நிம்மதி. திங்கக்கிழமை நீங்க வேலை பார்க்கற கட்டடத்துக்கு நானே வர்றேன். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

ரேடியோவுக்கு அந்தக் கூரையை விட்டு இறங்க இஷ்டமில்லை. முதன்முதலாக அந்த இருட்டுக் குழிக்குள், ஆடுகிற பெட்டியின் தலைமேல் நின்றபோது அவன் இரும்புக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. பயத்தை மறைக்கத்தான் வாயைத் திறந்தான், பிறகு மூடவேயில்லை. அன்று மோட்டார் அறையில் இருந்தவர் அழுத்தக்காரர். பெட்டியை அவர் உள்ளங்கையில் வைத்து ஏற்றுவதுபோல ஏற்றினார். இன்றுவரை அவர் கையில் அது ஒருமுறைகூடக் குலுங்கியதில்லை. வேறு யார் கையையும் நம்பி அந்தக் கூரைமேல் ஏற அவனால் முடியாது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தான். சத்தம்தானே குறைய வேண்டும்? குறைத்துவிட்டால் போயிற்று.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழகினான். மனைவி பயந்துபோய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "என்னங்க, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் நீலமாகிட்டிருக்கேன்."

"டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை. மேனேஜர் கீழே வாசல் கூடத்தில் ஒரு வாக்கி டாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழுத்தக்காரர் மேலே போய்விட்டார். ரேடியோ பெட்டியின் கூரைமேல் ஏறினான்.

"ஒரு அடி மேல" என்றான். ஏறியது. "நிறுத்துங்க." நின்றது. அவ்வளவுதான். மச்சான் வாங்கிய நாய் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போன கதை வெள்ளிக்கிழமை பாதியில் நின்றிருந்தது. அது தொண்டை வரை வந்து முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினான். பூட்டைத் துடைத்தான், எண்ணெய் விட்டான். மறுபடி, "ஒரு அடி மேல. நிறுத்துங்க." குழிக்குள் இவ்வளவு அமைதியா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்டது.

பாதிக் கட்டடம் ஏறியாயிற்று. குனிந்து ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாக்கி டாக்கி கரகரத்தது.

"தம்பி?"

அவராகவே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரேடியோ அதைக் கவனிக்கவில்லை. கீழே மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அவன் நினைப்பெல்லாம். வாயைத் திறந்தால் வெள்ளம் உடைத்துக்கொள்ளும். அதனால் அவர் பாணியிலேயே பதில் சொன்னான். கையிலிருந்த ஸ்பானரால் வாக்கி டாக்கியை ஒரு தட்டு தட்டினான்.

சில நொடிகளில் மின்சாரம் போயிற்று. கூரைமேல் இருந்த விளக்கும் அணைந்தது. ஒரே கும்மிருட்டு. ரேடியோ இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கி வரும் ஓசை கேட்டது. கூடவே ஒரு குரல், கட்டடமே அதிரும்படி.

"தம்பி! தம்பி! டேய்!"

யாருடைய குரல் என்று ரேடியோவுக்கு முதலில் விளங்கவில்லை. அப்படி ஒரு குரலை அவன் அதற்கு முன் கேட்டதே கிடையாது.

பக்கத்து மாடிக் கதவைச் சாவி போட்டு நெம்பித் திறந்தார்கள். வெளிச்சம் பாய்ந்தது. அழுத்தக்காரர் மூச்சிரைக்க, சட்டை முழுக்க வேர்வையோடு நின்றார். முழங்கால் வலிக்காரர் அத்தனை படியும் ஓடி வந்திருக்கிறார். அவர் பின்னால் கீழிருந்து ஏறி வந்த மேனேஜர்.

"விழுந்துட்டியா? அடிபட்டுதா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன். ஏண்ணே?"

"டொக்குனு ஒரு சத்தம். அப்புறம் பேச்சே இல்ல. நீ தலை மோதி விழுந்துட்டேன்னு நினைச்சேன்டா! மெயின் சுவிட்ச அணைச்சுட்டு ஓடி வந்தேன்."

"தட்டினேண்ணே. உங்கள மாதிரி. சரின்னு."

அழுத்தக்காரர் அவனையே பார்த்தார். பிறகு, அவரை அறிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள், தொடர்ந்து பேசினார்.

"நான் தட்டலாம். நான் நிக்கற இடம் கெட்டித் தரை. நீ தட்டலாமா? குனிஞ்சா உன் குரல் நசுங்கும். நிமிர்ந்தா தெளியும். களைச்சா இழுக்கும். அத வச்சுத்தான்டா பெட்டிய நகர்த்தறேன். நீ ஓரத்துல சாஞ்சிருந்தா, ஏத்துன்னு சொன்னாலும் நான் ஏத்த மாட்டேன், ஒரு நிமிஷம் விட்டுத்தான் ஏத்துவேன். இன்னிக்கி காலைலேர்ந்து கண்ணக் கட்டி விட்ட மாதிரி இருந்துச்சு."

ரேடியோவின் முகம் சுருங்கிப்போயிற்று. "நீங்கதானேண்ணே சத்தம்னு சொன்னீங்க, அத்தன பேர் முன்னால?"

"எது கொறையணும்னு கேட்டாங்க, சொன்னேன். கொறையணும்னுதான் சொன்னேன். நிக்கணும்னா சொன்னேன்?"

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதையெல்லாம் வகுப்புல சொல்லியிருக்கலாமே?"

"அவங்க இதக் கேக்கல" என்றார் அழுத்தக்காரர்.

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கூப்பிட்டால் வாயால் பதில் சொல்ல வேண்டும், இரண்டு பேரும்தான், இனிமேல் தட்டல் கிட்டல் எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். படியிறங்கப் போனவர் நின்று, "அந்த மாறுதல் பேச்சை விட்டுடலாம்" என்றார்.

அழுத்தக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனார். விளக்கு எரிந்தது. ரேடியோ வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். இப்போது தாராளமாகப் பேசலாம். ஆனால் பேச்சு வரவில்லை. அவனுக்கு அப்படி ஆவது அதுதான் முதல் தடவை.

கரகரவென்று சத்தம் கேட்டது. அவர்தான். வாயால்.

"தம்பி, உன் மச்சானோட நாய் திரும்பி வந்துதா?"