வாரத்துக்கு ஐம்பத்தெட்டு

என் மாமியார் வார்த்துஷ் ஒரு நாளைக்கு இருபத்து மூன்று நிமிடம் குளிக்கிறார். உடுத்திக்கொள்ளப் பதினொரு நிமிடம். கழிப்பறைக்கு முப்பத்து நான்கு நிமிடம், அது ஒரு தடவையானாலும் ஒன்பது தடவையானாலும். இதை நான் சொல்லவில்லை, இங்குள்ள மாவட்ட நிர்வாகமான கவுண்டி சொல்கிறது. எண்பத்து மூன்று வயதில், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன ஒரு பெண்மணிக்கு வயிறு காலியாக எத்தனை நிமிடம் ஆகும் என்று யாரோ ஒரு மகானுபாவர் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அவர் வயிறு நன்றாக இருக்கட்டும்.

எல்லாம் கூட்டினால் வாரத்துக்கு ஐம்பத்தெட்டு மணி நேரம். அவ்வளவு நேரம் மாமியாரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. நாற்பது மணி நேரம் வரை ஒரு ரேட், அதற்கு மேல் பதினெட்டு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஓவர்டைம். என் கணவர் கெகாம் இறந்து நான்கு வருடம் ஆகிறது. க்ளெண்டேலில் வீட்டு வாடகை யாருடைய சாவுக்கும் துக்கம் அனுஷ்டிப்பதில்லை. நாற்பது மணிச் சம்பளம் வாடகைக்குப் போகும், ஓவர்டைம் எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கு. வேறு வருமானம் கிடையாது.

ஐம்பத்தெட்டுக்கு மேல் போனால் அது தப்பு. மூன்று தப்பு சேர்ந்தால் மூன்று மாதம் சம்பளம் நிறுத்தம். என் பேரில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. முதல் தப்பு, மாமியாருக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் உண்மையை எழுதியது. சின்னப்பிள்ளைத்தனம். இரண்டாவது, வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று நம்பியது. எங்கள் ஆர்மீனியத் தலைநகரான யெரெவானில் வளர்ந்த எல்லோரும் அப்படித்தான் நம்புவார்கள். கவுண்டிக்கு வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. என் ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரத்தில் போய் விழுந்ததும் அந்த வாரம் வீங்கிவிட்டது. நான் அளவுக்கு மீறி உழைத்துவிட்டதாகக் கண்டித்துக் கடிதம் வந்தது. சோவியத் காலமாக இருந்தால் இதற்கு மெடல் குத்தியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன். தினமும் எட்டு மணி நேரம் பதினேழு நிமிடம் என்று எழுதுவேன். ஏழு நாளுக்குக் கூட்டிப் பாருங்கள், ஐம்பத்தேழு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் வரும். மிச்சமிருக்கும் ஒரு நிமிடம் கவுண்டிக்கு என் அன்பளிப்பு.

நான் எழுதினால் மட்டும் போதாது, மாமியார் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபோனில் ஒரு மெஷின் என் நேரத்தை ஆர்மீனிய மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டும். அப்படிச் சுத்தமான ஆர்மீனியம், பிறந்ததிலிருந்து காய்கறிக்காரனோடு ஒரு நாளும் சண்டை போடாத பெண் பேசுவது போல. சரியென்றால் ஒன்றை அமுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டை.

இதில் கூத்து என்னவென்றால், என் மாமியார் யெரெவானில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேடு எழுதியவர். வந்தவனுக்கும் எட்டு மணி நேரம், வராதவனுக்கும் எட்டு மணி, வாசலில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த மூஷெக்குக்கும் எட்டு மணி. மேலிடத்திலிருந்து ஆள் வந்தால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். பார்த்துவிட்டு பிராந்தி குடித்துவிட்டுப் போவார்கள். அந்த உத்தமிதான் இங்கே என்னோடு மல்லுக்கு நின்றார்.

“செவ்வாக்கெழம எட்டு மணி பதினேழு நிமிஷமா? ராத்திரி மூணு தடவ எந்திரிச்சியே, அது எங்க போச்சு?”

“அது கணக்குல வராது அத்தே. ஒண்ண அமுக்குங்க.”

“பொய்க்கு நான் ஒண்ண அமுக்க மாட்டேன்.”

“மூஷெக்குக்கு எட்டு போட்ட கைதானே இது?”

“அது வேற. அங்க இல்லாத வேலைய இருக்குன்னு எழுதினேன். யாரு வயிறும் எரியல. இங்க இருக்கிற வேலைய இல்லன்னு எழுதச் சொல்றான். இந்த மாதிரி அக்கிரமத்த நான் கட்சிக்காரன்கிட்டகூடப் பாத்ததில்ல.”

அரை மணி நேரம் முனகிவிட்டுத்தான் ஒன்றை அமுக்குவார். அந்த அரை மணிக்கும் சம்பளம் கிடையாது.

போன மாதம் வருடாந்தரப் பரிசோதனை வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை சமூகப் பணியாளர் வந்து, மாமியார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போவார். இந்தத் தடவை வந்தவள் தாலின், முப்பது வயதிருக்கும். பெய்ரூட்டிலிருந்து வந்த ஆர்மீனியக் குடும்பம். அவள் பேசும் ஆர்மீனியம் என் மாமியாருக்குப் பாதி புரியாது, மீதி பிடிக்காது. ஆனாலும் காபியும் இனிப்பு ரொட்டியும் வைத்து உபசரித்தோம். தாலின் கேள்விகளை முடித்துப் பேனாவை மூடும்போது மாமியார் தன் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை இழுத்தார்.

“இத மேலிடத்துல காட்டு கண்ணு. உன் நோவெல்லாம் எனக்கு வரட்டும், கொண்டுபோய்க் காட்டு.”

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. இடது கையால், கோணல்மாணலான எழுத்தில், ஒரு வருடமாக நான் அவரைத் தொட்ட ஒவ்வொரு வேளையும் நிமிடத்தோடு பதிவாகியிருந்தது. ஒவ்வொரு வாரத்துக்கும் கீழே கூட்டல். பெரும்பாலும் நூற்றொன்பது மணி. இப்படி ஒரு நோட்டு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

தாலின் முகம் வெளுத்துவிட்டது. “சத்தேனிக் அக்கா, இத நான் பாத்திருக்கக்கூடாது. உங்களுக்கு அனுமதி ஐம்பத்தெட்டு. ஏற்கெனவே ரெண்டு தப்பு வேற இருக்கு.” சட்டென்று எழுந்தாள். “நான் கை கழுவிட்டு வரேன். திரும்பி வரும்போது இந்த மேஜைல நோட்டு எதுவும் இருக்காது.”

“ஏன் இருக்காது?” என்றார் மாமியார். “அதான் கண்ணாடி போட்டுப் படிச்சியே. கூட்டல் தப்பா இருக்கா?”

“தப்பில்லம்மா. சரியா இருக்கு. அதான் பிரச்சனை.”

“என் வாழ்க்கைல மொத மொதலா நெசமான பதிவேடு எழுதியிருக்கேன். நீ பாக்கலங்கற?”

நல்ல காரியம் செய்ய நினைத்தவளைக்கூட விடவில்லை. கை கழுவப் போன பெண்ணை உட்கார வைத்து, நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிக் காட்டினார். தொழிற்சாலை வழக்கம். மேலிடத்து ஆள் வந்தால் நோட்டை நீட்ட வேண்டும், ஆள் சந்தோஷப்படுவார், கேட்டது கிடைக்கும். ஐம்பத்தெட்டு நூற்றொன்பதாகிவிடும் என்று அந்த மனுஷி ஒரு வருடமாகக் காத்திருந்திருக்கிறார். என் ஓவர்டைமுக்காக. எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கலாமா, காலைப் பிடிக்கலாமா என்று புரியவில்லை.

கடைசியில் தாலின் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

“ஒரே வழிதான் இருக்கு. ஐம்பத்தெட்டுக்கு மேல செய்யறதெல்லாம் இலவச சேவைன்னு நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள இந்தப் படிவம் என் கைக்கு வரணும். வரலேன்னா இந்த நோட்டப் பத்தி நான் எழுதியே ஆகணும். அப்புறம் மூணு மாசம்...”

மூன்று மாதமும் வேலை அப்படியேதான் இருக்கும். சம்பளம் மட்டும் ஓய்வெடுக்கும். ஓய்வு யாருக்காவது கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

நான் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். மாமியார் படிவத்தைத் தள்ளிவிட்டார்.

“வேலைக்கு வந்தவளுக்கு நான் சைபர் போட மாட்டேன். ஓசில எனக்கு யாரும் செய்ய வேண்டாம். ஐம்பத்தெட்டுன்னா ஐம்பத்தெட்டு. அதுக்கப்புறம் என்னத் தொடாத.”

“ரொம்ப சந்தோஷம் அத்தே” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் அவர் கணக்கு ஓடியது. இந்தத் தடவை உண்மைக் கணக்கு. புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு நோட்டை மூடினார்.

“முடிஞ்சது. போ.”

“இன்னைக்குப் புதன்கிழமை அத்தே.”

“காலண்டர் நானா அடிச்சேன்? ஞாயித்துக்கெழம வா.”

எனக்கும் ரோஷம் இருக்காதா? உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருமுனையிலிருக்கும் பேக்கரியில் சீஸ் ரொட்டியும் காபியும் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், சொர்க்கமாக இருந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் தினமும் இப்படி உட்காரலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டவில்லை. இன்னொரு காபி சொன்னேன்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். சூப்பைச் சிறு தீயில் ஏற்றிவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினேன். மாமியார் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நாற்காலி நனைந்திருந்தது. பாவாடை நனைந்திருந்தது. செருப்புவரை இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து உதவிக்கு வந்திருக்கிறாள். “ஆள் லீவு” என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“எந்திரிங்க அத்தே.”

“ஞாயித்துக்கெழம.”

“அதுவரைக்கும் இப்படியே உக்காந்திருப்பீங்களா?”

“ஃபேக்டரில சங்கு ஊதினா ஊதினதுதான்.” தாடை நடுங்கியது. குளிரா, அவமானமா, தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மேஜை மேலிருந்த படிவத்தை எடுத்து அவர் முன்னால் ஆட்டினேன்.

“இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? மனமுவந்து செய்யறேனாம். மனமுவந்தெல்லாம் கிடையாது, தெரிஞ்சுக்குங்க. திட்டிக்கிட்டேதான் செய்யறேன். செத்துப்போன உங்க புள்ளையத் திட்டறேன், உங்களத் திட்டறேன், கவுண்டியத் திட்டறேன். இன்னைக்கு நீங்க போய்ச் சேந்தா தேவலன்னு ரெண்டு மணி நேரம் நெனச்சேன்.”

“ரெண்டு மணி நேரந்தானா?”

“ஆமா.”

“நீ திட்டறது எனக்குத் தெரியும். நோட்டுல எழுதல. அதுக்கு எவனும் கூலி தர மாட்டான்.” என் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைப் பார்த்தார். “ரொட்டி நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அப்ப எதுக்கு இங்க திரும்பி வந்த?”

அவருடைய நல்ல கையை எடுத்து என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். அவர் உதறவில்லை. நான் தூக்க, எப்போதும் போல என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார். குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேலானது. இருபத்து மூன்று நிமிடக் கணக்குப் போட்ட மகானுபாவர் வந்து நின்று பார்த்திருக்கலாம்.

பிறகு பேனாவை அவரே கேட்டு வாங்கினார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசம் என்ற இடத்தில் ஐம்பத்தொன்று என்று எழுதினார். கூலி என்ற இடத்தில் ஒரு சைபர். கீழே இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதிவிட்டு, கண்ணீர் படாதபடி தாளை எட்ட நகர்த்தி வைத்தார்.

“மன்னிச்சிடும்மா” என்றார். “உன்ன ஓசின்னு எழுதிட்டேன்.”

நானும் உட்கார்ந்து அழுதிருப்பேன். நேரம் இல்லை. சூப் பொங்கிக்கொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் மூன்று நாள் கிடந்தது.