தெருப்பக்கக் கொடி

ரொக்கோ செத்துப்போனான் என்று மாமியார் வந்து சொன்ன அன்று மத்தியானமே என் முற்றத்தில் செப்புக் கொப்பரை அடுப்பேறியது. இத்தாலியின் தெற்குக் கோடியில், எங்கள் கலாப்ரியாவில், புருஷன் செத்தால் புதுத்துணி எடுப்பதில்லை. இருக்கிற துணியைத்தான் கறுப்புச் சாயத்தில் போடுவோம். அர்ஜென்டினாவில் கட்டட வேலை செய்த இடத்தில் சாரம் சரிந்து விழுந்தானாம், அங்கேயே புதைத்துவிட்டார்களாம், கடிதம் வந்திருக்கிறதாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாத்தனார் நுன்சியாதான் படித்துச் சொன்னாள். காட்டு என்றுகூட நான் கேட்கவில்லை. அப்படி ஒரு மண்டு நான்.

"ஒண்ணு விடாதே செரஃபீனா. உள்பாவாடையையும் போடு," என்றாள் மாமியார். "ஊர் உன் மூஞ்சியைப் பாக்காது. கொடியைத்தான் பாக்கும்."

அவளுக்கென்ன, மாமனார் போனதிலிருந்து இருபது வருஷமாகக் கறுப்புதான். முக்க எதுவும் இல்லை.

நுன்சியா குச்சியை வைத்துக் கிண்டினாள். இருபத்திரண்டு வயசு, கல்யாணம் நிச்சயமானவள். ரொக்கோ கப்பலேறிய பிறகு எனக்கு வாய்விட்டுப் பேச இருந்த ஒரே ஜீவன். பாவாடை, சட்டை, ஏப்ரன், காலுறை என்று ஒவ்வொன்றாக நானே போட்டேன். கல்யாணத்துக்கு மறுநாள் கோயிலுக்கு உடுத்திப் போன மஞ்சள் கவுனை மட்டும் விட மனசு வரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குடுங்க அண்ணி," என்று நுன்சியா மெதுவாக என் விரல்களைப் பிரித்தாள். "அண்ணனே போயிட்டான். இனிமே இது எதுக்கு?"

அவளே அதைக் குச்சியால் அழுத்தி முக்கினாள். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதோம். உன் துணியெல்லாம் எங்கேடி என்று கேட்டதற்கு, "இந்தத் தண்ணியில சாயம் தீந்துபோச்சு அண்ணி, நான் வீட்டுல தனியாப் போட்டுக்கறேன்," என்றாள். என் கையில் கறுப்பு போக மூன்று வாரம் ஆயிற்று. அவள் கை மறுநாளே வெள்ளையாக இருந்தது. குச்சியால் கிண்டினவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் போயிற்று. மாமியாருக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனேன். குளிரில் நடுங்கினாள். இன்னொரு கம்பளி எடுக்கலாமென்று நுன்சியாவின் பெட்டியைத் திறந்தேன். பச்சைப் பாவாடை. சிவப்பு ஏப்ரன். பூப்போட்ட சட்டைகள் நாலு. எல்லாம் மடிப்புக் கலையாமல், நடுநடுவே லாவண்டர் கொத்து வைத்து, பொத்திப் பொத்தி அடுக்கியிருந்தது. உடம்பில் போட்டிருந்த ஒரே ஒரு கறுப்புக் கவுனைத் தவிர அவள் எதையும் சாயத்தில் போடவேயில்லை. கூடப்பிறந்தவன் செத்த எந்தப் பெண்ணும் எங்கள் ஊரில் சிவப்பு ஏப்ரனைப் பத்திரப்படுத்த மாட்டாள்.

வாசற்படியில் நுன்சியா நின்றாள்.

"உங்க வீட்டுல யாருடி செத்தது?" என்றேன்.

"அண்ணி, கத்தாதீங்க. அம்மாவுக்கு முடியல."

"சொல்லப்போறியா இல்லையா?"

"அவன் அங்க ஒருத்திகூட இருக்கான் அண்ணி. பிள்ளை பொறந்திருக்கு. இனிமே வரமாட்டேன்னு எழுதிட்டான். இது வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்னை ஏத்துப்பாங்களா? செத்துட்டான்னு சொன்னா கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே..."

படுக்கையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "உனக்கும் நல்லதுதானேடி செஞ்சேன்! புருஷன் விட்டுட்டுப் போனவள்னு ஊர் சிரிக்கும். விதவைன்னா நாலு பேர் மதிப்பாங்க."

நல்லது! எனக்கு இருபத்தெட்டு வயசு. துக்கம் நுன்சியாவுக்கு ஒரு வருஷம், எனக்குச் சவப்பெட்டி வரைக்கும். ரொக்கோ நாய், அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். ஆனால் இவள்?

"மத்ததெல்லாம் சரி," என்றேன். "அந்த மஞ்சள் கவுனை ஏண்டி புடுங்கின?"

அவள் தலை நிமிரவில்லை. "ஒண்ணு மிஞ்சினாலும் ஊருக்குச் சந்தேகம் வரும்னு அம்மா சொன்னா."

அழுகை வரவில்லை. ஆறு மாதமாகப் பொய்க்கு அழுதே தீர்த்துவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை கடைக்குப் போய் மஞ்சள் சாயப் பொட்டலம் கேட்டேன். கடைக்காரர் பிட்டாரோ முழித்தார். "மஞ்சளா? உனக்கா?"

"எனக்குத்தான். ரெண்டு குடுங்க."

வீட்டில் கறுப்பாகாமல் இருந்தது கல்யாணச் சீராக வந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றுதான். கொப்பரையைச் சாம்பலும் வினிகரும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் கொதித்ததும் சாயத்தைக் கொட்டி விரிப்பை இறக்கினேன். அதற்குள் பிட்டாரோ கடையிலிருந்து சேதி ஓடிப்போய், நுன்சியா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அண்ணி, உங்க கால்ல விழறேன். இன்னும் ஆறே மாசம். என் கல்யாணம் முடியட்டும், அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

குச்சியை அவள் கையில் திணித்தேன். "கிண்டு. திட்டுத்திட்டாப் பிடிச்சிடும்."

அழுதுகொண்டே கிண்டினாள். நிஜ அழுகை. போதும் விடு என்று சொல்ல வாயெடுத்தேன், பொய் சொல்வானேன். அன்றைக்கு என் விரல்களைப் பிரித்த அதே கை கண்ணில் பட்டது, அந்த இரக்கமும் போய்விட்டது.

விரிப்பைத் தூக்கினேன். எவ்வளவு தேய்த்தும் கொப்பரைத் தகடுகளின் இடுக்கில் பழைய கறுப்பு ஒளிந்திருந்திருக்கிறது. என் கவுனின் மஞ்சள் வரவில்லை. சேறு கலந்த மஞ்சள். இருக்கட்டும் என்று பிழிந்து, முற்றத்துக் கொடியை விட்டுவிட்டுத் தெருப்பக்கக் கொடிக்குக் கொண்டுபோனேன்.

குழாயடியில் பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். எதிர்வீட்டு அசுந்தா நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"செரஃபீனா, உனக்குப் பைத்தியமா? புருஷன் செத்து வருஷம்கூடத் திரும்பல!"

"உசிரோட இருக்கிறவனுக்கு எத்தனை நாள்தான் அழறது அசுந்தாக்கா? நம்பலேன்னா அத்தையைக் கேளுங்க. கடுதாசி அவங்ககிட்டத்தான் இருக்கு. எனக்குத்தான் படிக்கத் தெரியாது, உங்க பிள்ளைக்குத் தெரியுமே."

முற்றத்தில் குச்சி கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. விரிப்பின் மறுமுனையையும் இழுத்துக் கொடியில் மாட்டினேன்.