படி சொல்பவன்

இரும்பு பீரோவின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே மாடி ஏறிக்கொண்டிருந்தான் அவன். கீழ்முனையில் மச்சான், மனைவியின் அண்ணன். சாமான் தூக்குகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் ஒவ்வொரு படிக்கும் "படி" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவனுக்கு முகத்தை மறைக்கும் இரும்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் காலை எடுத்து வைப்பான். இத்தனை வருடத்தில் அவன் குரல் பிசகியதில்லை.

இன்று பிசகிவிடுமோ என்று பயமாக இருந்தது. காலையில் செருப்பு மாட்டவே குனிய முடியவில்லை. "செருப்புக்கே சுவத்தைப் பிடிக்கிறீங்க, பீரோவை எதைப் பிடிச்சுத் தூக்குவீங்க?" என்று கேட்ட மனைவியிடம் சிரித்து மழுப்பிவிட்டு வந்தான். இடுப்பு வலிக்காகப் போய்ப் பார்த்த டாக்டர் அப்படியொன்றும் மிரட்டவில்லை. "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. படுத்தே கிடக்காதீங்க, நடமாடுங்க, தானா குறையும். கொஞ்ச நாளைக்கு கனம் தூக்க வேண்டாம், கூட வேலை செய்றவர்கிட்ட சொல்லிடுங்க. கால் மரத்துப்போனா மட்டும் உடனே வாங்க" என்றார். நடந்தான். சொல்லிக்கொடுத்த பயிற்சியையெல்லாம் சிரத்தையாகச் செய்தான். மச்சானிடம் சொல்வதை மட்டும் தள்ளிப்போட்டான். இடுப்பு போனவன் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் ஒரு நாற்காலி தூக்கக்கூட யார் கூப்பிடுவார்கள்? மச்சானே வேறு ஆள் பார்த்துவிடலாம். சொந்தம் வேறு, சுமை வேறு.

"படி," என்றான். மாடித் திருப்பம் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதுதான் இடுப்பில் சுரீரென்றது. வலி தொடை வழியாக இறங்க, வலது கால் மரத்துக்கொண்டு வந்தது. விரல்கள் வியர்த்து வழுக்கின. கை விட்டால் பீரோ நேராக மச்சானின் நெஞ்சில்தான் போய் இறங்கும். அடுத்த "படி"யைச் சொல்லாமலே நின்றுவிட்டான்.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? தூக்கமா?" என்று கீழிருந்து மச்சான் சிரித்தார்.

"மச்சான்... என்னால முடியல. இடுப்பு. ரொம்ப நாளாவே இருக்கு."

கீழே சிரிப்பு நின்றது.

"இன்னும் எத்தனை படி?"

"ரெண்டு."

"மெதுவா சொல்லு. கனத்தை எம்மேல சாய்ச்சுடு. கைய மட்டும் விட்டுடாத."

அவன் சொன்னான். குரல் நடுங்கியது, ஆனாலும் சொன்னான். பீரோ திருப்பத்தில் தரை தொட்டதும் சுவரில் சாய்ந்து கால்விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன. ஆனால் செருப்பு காலில் இருப்பதே தெரியவில்லை.

மச்சான் மூச்சு வாங்கியபடி அவனையே பார்த்தார். "ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆள் பாத்துடுவீங்கன்னு..."

"பாத்திருப்பேன். உனக்குச் சரியாகுற வரைக்கும். ரெண்டு பொண்ணு இருக்கு மாப்ள எனக்கு."

"இனிமே சொல்லிடுறேன் மச்சான்," என்றான். பீரோ நான்கு காலையும் ஊன்றி, ஆடாமல் அசையாமல் நின்றது. அவன் கையை எடுத்து வெகுநேரமாகியும் மச்சான் மட்டும் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.